சிலேட்டில் இருந்த தண்ணீர் எங்கே போச்சு?

[திரையில்: ஈரத்துணியால் துடைத்த சிலேட்டு, ஓரத்திலிருந்து மெல்லக் காய்கிறது]

வணக்கம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தச் சிலேட்டைக் காட்டி, "இதிலிருந்த தண்ணி எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். "சிலேட்டு குடிச்சிடுச்சு மிஸ்" என்று ஒரு குரல் வரும். "காணாமப் போயிடுச்சு" என்று இன்னொன்று. இரண்டுமே யோசித்துச் சொன்ன பதில்கள்தான். துணி தண்ணீரைக் குடிப்பதைப் பார்த்த பிள்ளை, சிலேட்டும் குடிக்கும் என்று நினைப்பதில் என்ன தப்பு?

நாம் என்ன செய்கிறோம்? உடனே கரும்பலகையில் 'ஆவியாதல்' என்று எழுதிவிடுகிறோம். ஆவி என்றதும் பாதி வகுப்பு பேயை நினைத்துச் சிரிக்கும். மீதிக்கு இட்லிப் பானை ஞாபகம் வரும். பேய்கூடப் பரவாயில்லை, பானைதான் சிக்கல். கொதித்தால்தான் ஆவி வரும் என்று பதிந்துவிடுகிறது. சிலேட்டை யாரும் அடுப்பில் வைக்கவில்லையே!

இதில் பெரியவர்களும் சறுக்குகிற ஓர் இடம் உண்டு. பானையிலிருந்து வெள்ளையாக எழுகிறதே, அது நீராவி இல்லை. நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெளிக்காற்று பட்டுக் குளிர்ந்து பொடிப்பொடித் துளிகளாக மாறிய தண்ணீர்தான் அப்படித் தெரிகிறது.

சரி, அந்தச் சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். பிள்ளைகள் சொன்ன பதிலையே சோதித்துப் பார்ப்போம்.

[திரையில்: இரண்டு எவர்சில்வர் தட்டுகள், ஒரு கண்ணாடி டம்ளர்]

எவர்சில்வர் தட்டு தண்ணீர் குடிக்காது. அது பிள்ளைகளுக்கே தெரியும். ஒவ்வொரு தட்டிலும் பத்துச் சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்றை மட்டும் டம்ளரைக் கவிழ்த்து மூடுங்கள். இரண்டையும் வெயிலில் வைப்பதற்கு முன், "எது முதல்ல காயும்?" என்று கேட்டுக் கையைத் தூக்கச் சொல்லுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். கை தூக்கிய பிள்ளைதான் தட்டை விட்டு நகராது.

[திரையில்: காய்ந்த தட்டு. பக்கத்தில், உள்பக்கம் பனித்த டம்ளர்]

திறந்த தட்டு காய்ந்துவிட்டது. மூடியதில் இன்னும் ஈரம் இருக்கிறது. டம்ளரின் உள்சுவரில் துளித்துளியாகத் தண்ணீர். இப்போது கேளுங்கள்: "தட்டில இருந்த தண்ணி மேலே எப்படி ஏறுச்சு? ஏறினதை யாராவது பார்த்தீங்களா?"

வகுப்பு அமைதியாகிவிடும். நீங்களும் அவசரப்பட்டுப் பேசாதீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ ஏறியிருக்கிறது என்று ஒரு பிள்ளை தானாகச் சொன்ன பிறகு, "அதுக்குப் பேர்தான் ஆவியாதல்" என்று சொல்லலாம்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே, குழந்தைகள் கண்ணெதிரே ஒரு டம்ளர் தண்ணீரை ஒல்லியான, உயரமான டம்ளருக்கு மாற்றிக் காட்டினார். ஏழு வயதுக்குக் கீழே பெரும்பாலான குழந்தைகள் உயரமான டம்ளரில்தான் தண்ணீர் அதிகம் என்றார்கள். டம்ளர் மாறினாலே அளவு மாறும் என்று நம்புகிற வயதில், கண்ணிலிருந்து மறைந்த தண்ணீர் இன்னும் இருக்கிறது என்று நம்புவது லேசான காரியமா? மறுபடியும் செய்து காட்டுங்கள். இந்தத் தடவை டம்ளரைப் பிள்ளைகளே கவிழ்க்கட்டும்.

மறுநாள் தட்டில் உப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். காய்ந்த பிறகு வெள்ளையாக ஒரு படிவு நிற்கும். "தண்ணி போச்சு, உப்பு மட்டும் ஏன் கூடப் போகல?" உப்பளம் பார்த்து வளர்ந்த தூத்துக்குடிப் பிள்ளை யாராவது வகுப்பில் இருந்தால், இந்தக் கேள்வியை முதலில் அவரிடம் கேளுங்கள்.