ஃபரீது இன்னும் அந்த நூலில்தான் இருக்கிறார்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"சீக்கியருக்கும் இஸ்லாமியருக்கும் இடையே ஆழமாக நிற்பது பகையா, உறவா?" என்பது இன்றைய கேள்வி. உறவே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஆண்டுகளை வரிசையாக அடுக்கினார். 1606-இல் ஐந்தாம் குரு அர்ஜன், ஜஹாங்கீர் காலத்தில் லாகூரில் வதைத்துக் கொல்லப்பட்டார். 1675-இல் ஒன்பதாம் குரு தேக் பகதூர், ஔரங்கசீப் ஆட்சியில் டெல்லி சாந்தினி சௌக்கில் தலை வெட்டப்பட்டார். 1947-இல் பஞ்சாப் இரண்டாகப் பிளந்தபோது இரண்டு பக்கமும் பிணங்களை ஏற்றிக்கொண்டு ரயில்கள் வந்தன. 2020-இல் காபூல் குருத்வாராவுக்குள் புகுந்து 25 பேரைக் கொன்றார்கள். "இத்தனை ரத்தத்துக்குப் பிறகு உறவு எங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தார்.

ஐயா, அவர் சொன்னதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. எல்லாம் நடந்தவை. என் வழக்கையே அந்த ரத்தத்திலிருந்துதான் தொடங்குகிறேன். அந்த ரத்தம் யாருடைய வீட்டில் சிந்தியதோ, அந்த வீட்டுப் பிள்ளை பிறகு என்ன செய்தார் என்று பார்ப்போம்.

குரு தேக் பகதூரின் மகன் குரு கோவிந்த் சிங். அப்பாவின் வெட்டுண்ட தலை ஆனந்த்பூருக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு ஏறக்குறைய 9 வயது. பின்னாளில் மூத்த மகன்கள் இருவரும் சம்கௌர் போரில் மடிந்தார்கள். இளையவர்கள் இருவரையும், சின்னஞ்சிறு பிள்ளைகளை, சர்ஹிந்தில் உயிரோடு சுவரில் வைத்துப் பூசினார்கள். தகப்பனையும் நான்கு பிள்ளைகளையும் பறிகொடுத்த மனிதர். அதற்குப் பிறகுதான் அவர் பஞ்சாபில் தம்தமா சாகிப் என்ற இடத்தில் அமர்ந்து, சீக்கியர்களின் வேதமான ஆதி கிரந்தத்தில் தன் தந்தையின் பாடல்களைச் சேர்த்து நூலை நிறைவாக்கினார் என்கிறது சீக்கிய மரபு.

அந்த நூலில் ஏற்கெனவே யாருடைய பாடல்கள் இருந்தன? இன்றைய பாகிஸ்தானில் உள்ள பாக்பட்டனில் வாழ்ந்த சூஃபி ஞானி ஷேக் ஃபரீதின் பாடல்கள் இருந்தன. சீக்கியத்தைத் தொடங்கிய குரு நானக்குக்கு ஏறக்குறைய 200 ஆண்டு முந்தியவர். ஐந்து வேளை தொழுத முஸ்லிம். அவருடைய நான்கு பாடல்களும், சலோகங்கள் என்ற பெயரில் வரும் 112 ஈரடிகளும், 1604-இல் குரு அர்ஜன் தொகுத்தபோதே உள்ளே வந்துவிட்டன.

பேனா குரு கோவிந்த் சிங் கையில் இருந்தது. அதிகாரமும் அவருடையதுதான். "என் அப்பனைக் கொன்றவன் மதத்துக்காரன் பாட்டு என் வேதத்தில் எதற்கு?" என்று அடித்திருந்தால் அன்றைக்கு ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் ஒரு வரியையும் அடிக்கவில்லை. 1708-இல் நாந்தேட்டில் உயிர் பிரியும் முன், இனி இந்த நூலே உங்கள் குரு என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எந்தச் சீக்கியர் எந்த ஊர் குருத்வாராவில் நெற்றி நிலத்தில் படக் குனிந்தாலும், அந்த வணக்கத்தில் ஃபரீதுக்கும் பங்கு உண்டு.

அந்த ஃபரீது என்ன பாடுகிறார் தெரியுமா? உன்னை முஷ்டியால் குத்தியவனைத் திருப்பி அடிக்காதே, அவன் காலை முத்தமிட்டுவிட்டு உன் வீட்டுக்குப் போ என்கிறார். கெட்டதுக்கும் நல்லதே செய், நெஞ்சில் கோபத்தைக் குடிவைக்காதே என்கிறார். நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அந்த வரிகளைக் காப்பாற்றி வைத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அவர் கோபமே படாத சாது என்று நான் சொல்லவில்லை. வாள் எடுத்தவர். ஔரங்கசீப்புக்குப் பாரசீக மொழியில் அவர் எழுதிய ஜஃபர்நாமா என்ற கடிதம் முழுக்கக் கோபம்தான். ஆனால் அந்தக் கோபம் எதன் மேல்? குர்ஆன் மேல் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு அதை மீறினாயே என்று பேரரசனிடம் கேட்கிறார். குர்ஆனை அவர் குறை சொல்லவில்லை. குர்ஆனுக்கு நீ உண்மையாக இல்லையே என்கிறார்! எதிரியின் வேதத்தை எதிரியைவிட மரியாதையாக நடத்திய இடம் அது. எதிரணி நண்பர்கள் அந்தக் கடிதத்தை ஒருமுறை பொறுமையாகப் படிக்க வேண்டும்.

சர்ஹிந்துக்கு வருகிறேன். எதிரணியில் பேசிய அம்மையாரும் இதைச் சொன்னார், பாதியோடு நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன். குருவின் இளைய பிள்ளைகளுக்கு மரண தண்டனை என்று சர்ஹிந்தின் முகலாய ஆளுநர் நவாப் வசீர் கான் முடிவெடுத்தபோது, அதே சபையில் இன்னொரு முஸ்லிம் நவாப் இருந்தார். பஞ்சாபில் மலேர்கோட்லா என்ற சிற்றரசை ஆண்ட ஷேர் முகமது கான். அவர் குருவின் நண்பர் இல்லை ஐயா. குருவை எதிர்த்துப் போர் செய்தவர். அந்தப் போரில் தன் சகோதரனைப் பறிகொடுத்தவர் என்றும் சொல்கிறார்கள். பழிவாங்க இதோ சமயம் என்று அவரிடம் நீட்டினார்கள். எனக்குப் பகை குருவோடு, குழந்தைகளோடு அல்ல, இது இஸ்லாத்துக்கு விரோதம் என்று சொல்லி எழுந்து வெளியேறினார். அந்தக் குரல் பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை. ஆனால் இரண்டரை நூற்றாண்டு கழித்து 1947-இல் கிழக்குப் பஞ்சாபே பற்றி எரிந்தபோது மலேர்கோட்லா முஸ்லிம்கள் மேல் கை படவில்லை. "அன்றைக்கு ஒரு நவாப் நமக்காக ஒரு வார்த்தை சொன்னார்" என்பதைச் சீக்கியர்கள் மறக்கவில்லை. அந்த நவாபின் குரலை நினைவுகூர அந்த ஊரில் ஒரு குருத்வாராவே இருக்கிறது.

தொடக்கத்துக்கே போனால் இன்னும் தெளிவு. குரு நானக் ஊர் ஊராக நடந்தபோது கூடவே நடந்தவர் மர்தானா. முஸ்லிம். ரபாப் வாசிப்பவர். குரு பாடுவார், அவர் வாசிப்பார். சீக்கியர்களின் கீர்த்தனை மரபே அந்தத் தந்திக் கருவியில் பிறந்தது. மர்தானாவின் வழிவந்த முஸ்லிம் ரபாபி பாடகர்கள் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் 1947 வரை கீர்த்தனை பாடினார்கள். பிரிவினை அவர்களை எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளியது. பாடி வந்த பாட்டு இந்தப் பக்கம், பாடும் தொண்டை அந்தப் பக்கம். எனக்கு அந்தப் பிரிவினையில் மிகவும் வலிக்கும் செய்திகளில் இதுவும் ஒன்று.

"நம்பிக்கையிலேயே வேறுபாடு இருக்கிறதே" என்றார்கள். இருக்கிறது. மறுபிறவியைச் சீக்கியம் ஏற்கிறது, இஸ்லாம் ஏற்பதில்லை. இஸ்லாத்துக்கு நபிகள் இறுதித் தூதர், சீக்கியத்துக்குப் பத்துக் குருமார்களும் கிரந்தமும். ஹலால் முறையில் அறுத்த இறைச்சியை, தீட்சை பெற்ற சீக்கியர்களுக்கான கால்சா நெறி விலக்குகிறது. இதையெல்லாம் மறைத்துவிட்டு இரண்டும் ஒன்றே என்று நான் பூசி மெழுக வரவில்லை. இறைவன் ஒருவனே, அவனுக்கு உருவம் இல்லை, அவன் முன் மேல் கீழ் இல்லை, உழைத்துச் சாப்பிடு, ஈட்டியதில் ஒரு பங்கை மற்றவனுக்குக் கொடு. இதில் இரண்டு பேரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். அங்கே ஜகாத், இங்கே தஸ்வந்த். ஒரு முஸ்லிமிடம் குரு நானக், "உன் மார்க்கத்தை விட்டுவிடு" என்று சொல்லவில்லை. கருணையை மசூதி ஆக்கிக்கொள், நம்பிக்கையைத் தொழுகை விரிப்பாக்கு, நேர்மையாய் ஈட்டியதைக் குர்ஆனாக்கு என்றார். பிறன் உரிமையைப் பறித்துத் தின்பது முஸ்லிமுக்குப் பன்றி, இந்துவுக்குப் பசு என்றும் பாடினார்.

அப்படியானால் கொன்றவர்கள் யார்? தீவிரவாதிகளைப் பற்றிப் பேசாமல் தப்பிக்க மாட்டேன். 2010 அக்டோபரில் பாக்பட்டனில், நான் சொன்ன அதே ஷேக் ஃபரீதின் தர்கா வாசலில் குண்டு வெடித்தது. வைத்தவர்கள் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொள்ளும் கூட்டம். செத்தவர்கள் அதிகாலையில் வழிபட வந்தவர்கள். சீக்கியப் பக்கத்தையும் சொல்கிறேன், எதிரணி கேட்கும் முன்பே. 1985 ஜூனில் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தை நடுவானில் குண்டு வைத்துத் தகர்த்து 329 பேரைக் கொன்றவர்கள் சீக்கியத் தீவிரவாதிகள். அதே ஆண்டு ஜூலையில் இந்திய அரசோடு பஞ்சாப் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட, சீக்கியர்களின் அகாலி தளக் கட்சித் தலைவர் சந்த் லோங்கோவாலை, ஒரு மாதம்கூட முடியாமல், குருத்வாராவிலேயே சுட்டுக் கொன்றவர்களும் சீக்கியர்களே. ஃபரீதின் வாசலில் வெடித்தவனுக்கும் லோங்கோவாலைச் சுட்டவனுக்கும் என்ன வித்தியாசம் ஐயா? அவனவன் தன் வீட்டுப் பெரியவரையே முதலில் கொன்றான். இவர்களை வைத்து இரண்டு சமயங்களின் உறவை அளக்கச் சொல்கிறார்கள். நான் மலேர்கோட்லாவை வைத்து அளக்கிறேன். மர்தானாவை வைத்து அளக்கிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். குரு கிரந்த் சாகிப் என்று இன்று வணங்கப்படும் அந்த நூல் மொத்தம் 1430 பக்கம். ஷேக் ஃபரீதின் சலோகங்கள் 1377-ஆம் பக்கத்தில் தொடங்குகின்றன. சாந்தினி சௌக்கில் தலை கொடுத்த குரு தேக் பகதூரின் சலோகங்கள் 1426-ஆம் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவே ஐம்பது பக்கம்கூட இல்லை. அப்படி வைத்தவர் தேக் பகதூரின் மகன். எதிரணி நண்பர்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் பதில் சொல்லட்டும். வணக்கம்.