வாக்குப் போட்டு டிரேடைக் கொல்லாதீர்கள்

(தலைப்பு: ஃபேன்டசி ஃபுட்பால் லீக்கில், இரண்டு அணிகள் முடிக்கும் டிரேடைத் தடுக்க மற்ற அணிகளுக்கு வாக்குரிமை வேண்டுமா, வேண்டாமா? ‘வேண்டாம்’ அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர் ஒரு கேள்வியோடு அமர்ந்தார். “பன்னிரண்டு பேர் ஆடும் லீக்கில் இரண்டு பேர் தனியாகப் பேசி ஒரு டிரேடை முடித்தால், மீதிப் பத்துப் பேர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?” கைதட்டல் வாங்கிய கேள்வி. ஆனால் அந்தப் பத்துப் பேர் யார், நடுவர் அவர்களே? அதே கோப்பைக்குப் போட்டி போடுகிற பத்துப் பேர். அவர்கள் கையில்தான் தீர்ப்பைக் கொடுக்கச் சொல்கிறார்கள் எதிரணியினர்.

இந்த ஆட்டம் ஆடாதவர்களும் அவையில் இருப்பதால் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் என்.எஃப்.எல். வீரர்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து எடுத்து, ஒவ்வொருவரும் ஒரு கற்பனை அணி அமைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அந்த வீரர் களத்தில் 10 யார்டு ஓடினால் நமக்கு 1 புள்ளி. பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டால் 6. பி.பி.ஆர். முறை என்றால் பந்தைப் பிடிக்கும் ஒவ்வொரு தடவைக்கும் இன்னொரு புள்ளி. வாரம் ஒரு எதிரி. நடுவில் என்னிடம் உள்ள வீரரை உங்களுக்குக் கொடுத்து உங்களிடம் உள்ளவரை நான் வாங்கினால் அது டிரேடு. பல லீக்குகளில் அந்த டிரேடு உடனே செல்லாது. ஒரு நாளோ இரண்டு நாளோ தொங்கும். அதற்குள் மற்றவர்களில் நான்கு பேரோ ஐந்து பேரோ எதிர்த்து வாக்களித்தால் செத்துவிடும். இதற்குப் பெயர் வீட்டோ.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக் இருவர், எறியும் பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவர் இருவர், இந்த இரண்டில் எவரையும் வைக்கக்கூடிய ஃபிளெக்ஸ் இடம் ஒன்று என்று இறக்கும் லீக். ‘அ’ அணியிடம் வாரத்துக்கு 17, 14, 13, 12 புள்ளி தரும் நான்கு ரன்னிங் பேக்குகள். ரிசீவர்கள் 15, 7. நான்காவது ரன்னிங் பேக் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய 12 புள்ளி யாருக்கும் உதவாது. களத்தில் இறங்கும் ஐந்து பேரின் மொத்தம் 66. ‘ஆ’ அணியிடம் 18, 16, 14, 13 தரும் நான்கு ரிசீவர்கள். ரன்னிங் பேக்குகள் 11, 6. அங்கே நான்காவது ரிசீவர் பெஞ்சில். மொத்தம் 65. பெஞ்சில் கிடக்கும் அந்த இருவரையும் மாற்றிக்கொள்கிறார்கள். ‘அ’வில் 7 போய் 13 வருகிறது, மொத்தம் 72. ‘ஆ’வில் 6 போய் 12 வருகிறது, மொத்தம் 71. இரண்டு பேருக்கும் வாரத்துக்கு 6 புள்ளி கூடியது. களத்தில் இறங்கும் ஒருவரைக்கூட யாரும் இழக்கவில்லை. இதைவிட நேர்மையான டிரேடு இருக்க முடியாது.

மீதிப் பத்துப் பேருக்கு என்ன ஆயிற்று? நேற்றுவரை 66, 65 எடுத்த இரண்டு எதிரிகள் இன்று 72, 71 எடுக்கிறார்கள். டிரேடு எவ்வளவு நல்லதோ அந்த அளவுக்கு இவர்களுக்கு நஷ்டம். யாரும் கெட்டவர்கள் இல்லை. தோற்கப் பிடிக்காதவர்கள், அவ்வளவுதான். இவர்களிடம் வாக்குச்சீட்டைக் கொடுத்துவிட்டு நியாயத்தை எதிர்பார்ப்பது அவர்களுக்கே செய்யும் அநியாயம்.

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விலை அந்த இரண்டு கைகளுக்குத்தான் தெரியும். பக்கத்தில் நிற்கும் பத்து வியாபாரிகளிடம் கை தூக்கச் சொல்வதில்லை. வந்தது திருட்டு மாடு என்றால் மட்டும்தான் அடுத்தவர் தலையிடுவார். எங்கள் அணி கேட்பதும் அந்த முறையைத்தான்.

நிஜ என்.எஃப்.எல்.லில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 32 அணிகள். இரண்டு அணிகள் டிரேடு பேசினால் மீதி 30 அணிகள் வாக்களிப்பதில்லை. சம்பள உச்சவரம்புக்குள் இருக்கிறதா, உடற்பரிசோதனை தேறியதா, கெடுவுக்குள் வந்ததா என்று லீக் அலுவலகம் பார்க்கும். யாருக்கு லாபம் என்று பார்க்காது. 2022 அக்டோபர் 20, வியாழன் இரவு, கரோலைனா பாந்தர்ஸ் தன் ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை சான் ஃபிரான்சிஸ்கோ 49ஏர்ஸுக்குக் கொடுத்தது. விலை: புது வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் ஆண்டு டிராஃப்டில், 2023இன் இரண்டாம், மூன்றாம், நான்காம் சுற்றுத் தேர்வுகளும் (அதாவது ஒரு வீரரை எடுக்கும் முறைகளும்) 2024இன் ஐந்தாம் சுற்றுத் தேர்வும். ஞாயிற்றுக்கிழமையே அவர் களத்தில் இருந்தார். அடுத்த வாரம், அதே பிரிவில் உள்ள ராம்ஸுக்கு எதிராக, ஒரே ஆட்டத்தில் ஓடி ஒன்று, பிடித்து ஒன்று, எறிந்து ஒன்று என மூன்று விதத்திலும் டச்டவுன் போட்டார். அப்போதிருந்து 49ஏர்ஸ் தொடர்ந்து 10 ஆட்டங்கள் வென்று 13 வெற்றி, 4 தோல்வி, அதாவது 13-4 என்று முடித்தது. அந்த வியாழன் இரவு ராம்ஸிடம் வாக்கு இருந்திருந்தால் என்ன போட்டிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“ஒருதலைப்பட்சமான டிரேடைப் பார்த்தாலே தெரியாதா?” என்றார் எதிரணித் தலைவர். தெரியாது ஐயா. இதைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கே தெரிந்ததில்லை. 1989 அக்டோபரில் டாலஸ் கவ்பாய்ஸ் தன் ஒரே நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டா வைக்கிங்ஸுக்குக் கொடுத்து ஐந்து வீரர்களையும் ஒரு குவியல் தேர்வுகளையும் வாங்கியது. டாலஸ் ஏமாந்துவிட்டது என்று அன்று பலர் பேசினார்கள். அந்த ஆண்டு டாலஸ் 1-15. ஆனால் வந்த வீரர்களைக் கழற்றிவிட்டால் அவர்களுக்குப் பதிலாக மேலும் தேர்வுகள் கிடைக்கும் என்று டாலஸின் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்தார். அவர் கண் வீரர்கள் மேல் இல்லை, தேர்வுகள் மேல்தான். அந்தத் தேர்வுகளின் வழியாக எமிட் ஸ்மித்தும் டேரன் உட்சனும் வந்தார்கள். 1992, 1993, 1995 பருவங்களில் மூன்று சூப்பர் பவுல். அன்று வாக்கெடுப்பு வைத்திருந்தால், டாலஸைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி அந்த மூன்று கோப்பைகளையும் பறித்திருப்பார்கள்.

மறுபக்கமும் உண்டு. 2013 செப்டம்பரில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் ஒரு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்து, கிளீவ்லாண்ட் பிரவுன்ஸிடமிருந்து ரன்னிங் பேக் டிரெண்ட் ரிச்சர்ட்சனை வாங்கியது. முந்தைய ஆண்டு மொத்தத் தேர்வில் மூன்றாவதாகப் போனவர். கோல்ட்ஸுக்காக அந்தப் பருவத்தில் ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 2.9 யார்டுதான் எடுத்தார். கிளீவ்லாண்ட் ஜெயித்தது என்று எழுதிவிடலாமா? அந்தத் தேர்வை வைத்து மேலே ஏறி அவர்கள் எடுத்தது ஜானி மான்செலை, அவரும் சோபிக்கவில்லை. இரண்டு பேரும் தோற்ற டிரேடு அது. இரண்டு பேரும் வென்ற டிரேடும் இருக்கிறது: 2020 மார்ச்சில் ஸ்டெஃபான் டிக்ஸ் மினசோட்டாவிலிருந்து பஃபலோ போனார், 127 கேட்ச், 1,535 யார்டு என்று இரண்டிலும் லீக்கில் முதலிடம். பதிலுக்குக் கிடைத்த 22ஆம் தேர்வில் மினசோட்டா எடுத்தது ஜஸ்டின் ஜெஃபர்சனை. முதல் பருவத்திலேயே 1,400 யார்டு. ஒருவர் வென்றால் இன்னொருவர் ஏமாந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்துதான் வீட்டோ பிறக்கிறது. அந்த எண்ணமே தவறு.

கற்பனை லீக்கிலும் இதேதான். 2023இல் பூக்கா நாக்குவா ஐந்தாம் சுற்றில் 177ஆவதாக எடுக்கப்பட்ட புதுமுகம். முதல் வாரம் 10 கேட்ச், இரண்டாம் வாரம் 15 கேட்ச். அந்த வாரம் ஒருவர் தன் பெரிய பெயர் ரிசீவரைக் கொடுத்து நாக்குவாவை வாங்கியிருந்தால் பத்துப் பேரும் “கொள்ளை” என்று கத்தியிருப்பார்கள். நாக்குவா 1,486 யார்டோடு புதுமுகங்களுக்கான சாதனை படைத்து முடித்தார். 2024 ஆகஸ்டில் பெரும்பாலான ஃபேன்டசி டிராஃப்டுகளில் முதலாவதாகப் போனவர் அதே மெக்காஃப்ரி. அந்த மாதம் அவரை விற்றவரைப் பைத்தியக்காரர் என்றிருப்பார்கள். காயத்தால் அந்தப் பருவம் அவர் ஆடியது 4 ஆட்டம்.

டிரேடு மதிப்பு அட்டவணை இருக்கிறதே, கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார்கள். ஜிம்மி ஜான்சனின் அட்டவணையில் முதல் தேர்வுக்கு 3,000 புள்ளி, இரண்டாவதுக்கு 2,600. அது பேரத்தை எங்கே தொடங்கலாம் என்று காட்டும் கருவி. ஃபேன்டசி அட்டவணைகளில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு: உங்கள் பெஞ்சில் யார் இருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. இரண்டு சுமாரான வீரர்களுக்கு ஒரு நட்சத்திரம் என்ற டிரேடில், கூட்டினால் இரண்டு வாங்கியவருக்கு லாபம் போலத் தெரியும். ஆனால் அவர் இடம் காலி செய்ய ஒருவரை வெளியே விட வேண்டும், வந்த இருவரில் ஒருவர் பெஞ்சிலேயே கிடக்கலாம். வெளியே இருந்து கூட்டுகிறவர் கண்ணுக்கு இது படாது.

நேரத்தையும் பாருங்கள். வெள்ளி மாலை ஏற்ற டிரேடுக்கு 48 மணி நேரம் காத்திருப்பு என்றால், அது முடிவதற்குள் ஞாயிறு மதிய ஆட்டங்கள் தொடங்கி வீரர்கள் பூட்டப்பட்டுவிடுவார்கள். பை வாரத்துக்காக, அதாவது நம் வீரரின் அணிக்கு ஆட்டம் இல்லாத வாரத்துக்காக, வாங்கிய வீரர் அந்த வாரமே கிடைக்க மாட்டார். அதற்குள் ஒருவருக்குக் காயம் பட்டால் சண்டை வேறு: டிரேடு செல்லுமா, செல்லாதா?

சரி, கூட்டுச்சதிக்கு என்ன பதில்? இது எதிரணியின் வலுவான வாதம், இதை மதிக்கிறேன். சதி உண்மையிலேயே நடக்கிறது. இரண்டு நண்பர்கள், ஒருவர் தோற்றுப்போனவர், தன் நல்ல வீரர்களையெல்லாம் மற்றவருக்குத் தள்ளிவிட்டுப் பரிசுப் பணத்தைப் பங்கு போடுவார். அல்லது பை வாரத்துக்கு ஒரு வீரரை வாடகைக்குக் கொடுத்து அடுத்த வாரம் திரும்ப வாங்குவார். ஆனால் மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்த வேண்டாம். இதற்கு விதி எழுதலாம். டிரேடான வீரர் அதே அணிக்கு அந்தப் பருவத்தில் திரும்பக் கூடாது. லீக்குக்கு வெளியே உள்ள எதையும் டிரேடில் சேர்க்கக் கூடாது. டிரேடு கெடுவை 11ஆம் வாரத்தில் வையுங்கள்; 15, 16, 17 வாரங்களில் கோப்பைக்கான பிளேஆஃப் என்றால், அப்போது பெரும்பாலானவர்களுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கும், யாரும் வீரர்களை வாரிக் கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு வாரமும் அதிகப் புள்ளி எடுத்தவருக்கு ஒரு சிறு பரிசு வையுங்கள், கடைசி அணியும் ஆட்டத்தை விடாது. வீரர்களை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளும் டைனஸ்டி லீக்கில் அடுத்த ஆண்டுத் தேர்வை விற்கிறவர் அடுத்த ஆண்டுக் கட்டணத்தை அன்றே கட்ட வேண்டும். எதிர்காலத்தை விற்றுவிட்டு லீக்கை விட்டு ஓடுவது அதோடு நிற்கும்.

இவ்வளவுக்கும் மேல் சந்தேகம் வந்தால் லீக்கை நடத்தும் கமிஷனர் பார்க்கட்டும். இரண்டு பேரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வி: “இந்த டிரேடு உன் அணியின் எந்த இடத்தைப் பலப்படுத்துகிறது?” பதில் இருந்தால் டிரேடு செல்லும், கமிஷனருக்குப் பிடிக்காவிட்டாலும் செல்லும். ஒருவரிடம் பதிலே இல்லாவிட்டால் அப்போது ரத்து. கமிஷனரே டிரேடில் ஒரு பக்கம் என்றால், லீக்கில் ஆடாத, விவரம் தெரிந்த ஒருவரை முன்கூட்டியே பெயர் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஆடாதவராக இருப்பதுதான் முக்கியம்.

எதிரணி கூடைப்பந்திலிருந்து ஒரு உதாரணம் கொண்டுவந்தது: 2011 டிசம்பரில் கிறிஸ் பால் நியூ ஆர்லியன்ஸிலிருந்து லேக்கர்ஸுக்குப் போகவிருந்த டிரேடை என்.பி.ஏ. கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் தடுத்தாரே என்று. அப்போது நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு உரிமையாளர் லீக்தான். விற்கிற அணியின் உரிமையாளர் இடத்தில் இருந்துதான் ஸ்டெர்ன் மறுத்தார். தன் மாட்டை விற்க மறுக்க எவருக்கும் உரிமை உண்டு. அடுத்தவர் மாட்டைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

புதிதாக ஆட வந்தவரை ஏமாற்றிவிடுவார்களே என்ற கவலைக்கும் வருகிறேன். வாக்கெடுப்பு அவருக்கு எதையும் கற்றுத்தராது. அவருக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்: ஏற்கும் பொத்தானை அழுத்துமுன், டிரேடுக்கு முன் யார் யார் இறங்குவார்கள், பின் யார் யார் என்று அடுத்த நான்கு வாரங்களுக்குத் தாளில் எழுதிக் கூட்டிப் பார். வரும் வீரரின் பை வாரம் எது என்று பார். புதன் முதல் வெள்ளி வரை வரும் பயிற்சி அறிக்கையைப் பார். வெள்ளிக்கிழமையும் பயிற்சிக்கு வராதவரை வாங்காதே. 15, 16, 17 வாரங்களில் அவர் யாரை எதிர்த்து ஆடுகிறார் என்று பார். உன் வீரரைக் கொடுக்க நினைத்தால், ஒருவரிடம் முடிக்கும் முன் லீக் குழுவில் எல்லாரிடமும் அறிவித்துவிட்டு ஒரு நாள் பொறு. அதிக விலை அங்கேயே வரும். அந்தப் பத்துப் பேருக்கும் அப்போது வேலை இருக்கும்: தடுப்பதற்குப் பதில் அதைவிட நல்ல விலை கேட்கலாம்.

மணி அடித்துவிட்டது நடுவர் அவர்களே. எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்டு அமர்கிறேன். 66ஐ 72ஆக்கி, 65ஐ 71ஆக்கிய அந்த டிரேடை நினைவில் வையுங்கள். அதற்கு ஆதரவாக வாக்களிக்க மீதிப் பத்துப் பேரில் ஒருவருக்காவது ஒரு காரணம் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.