ஃபைலை லாக் பண்ணிட்டீங்களா? அது எப்ப கழண்டுச்சுன்னே தெரியாது!

வணக்கம் மக்களே! உங்க ப்ரோக்ராம் ஒரு ஃபைலை, வேற யாரும் குறுக்க வந்து கை வைக்கக் கூடாதுன்னு, பக்காவா லாக் பண்ணி வச்சிருக்கு. அதே ப்ரோக்ராமுக்குள்ள ஏதோ ஒரு மூலையில இருக்கற லைப்ரரி (வேற யாரோ எழுதி, நீங்க எடுத்துச் சேர்த்துக்கிட்ட கோட்), அதே ஃபைலை சும்மா திறந்து நாலு பைட் படிச்சிட்டு க்ளோஸ் பண்ணுது. அவ்ளோதான், லாக் காலி! எரர் கிடையாது, வார்னிங் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. இது பக் இல்லங்க, ரூலே அதான்.

வரலாறு ஒரே மூச்சுல: யூனிக்ஸ்ல முக்கியமா ரெண்டு லாக், 1983ல பிஎஸ்டி 4.2ங்கற யூனிக்ஸ் வெர்ஷன்ல வந்த எஃப்லாக் (flock) ஒண்ணு, யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொது விதியான பாசிக்ஸ் தரத்துல இருக்கற எஃப்சிஎன்டிஎல் (fcntl) இன்னொண்ணு. மேல சொன்ன கூத்து இந்த ரெண்டாவதுல. போதும், வாங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம்.

பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிப்போம்ல? துண்டு யாரையும் தடுக்காது. பாக்கறவன் "யாரோ வராங்க போல"ன்னு மதிச்சாதான் உண்டு, அதைத் தூக்கி ஓரமா வச்சிட்டு ஒருத்தன் உக்காந்தா கண்டக்டர், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கெர்னல், வாயே திறக்க மாட்டார். இதான் அட்வைசரி லாக். மீறினா தடுக்கற கறார் லாக்கும் லினக்ஸ்ல இருந்துச்சு, 5.15 வெர்ஷன்ல தூக்கிட்டாங்க.

சரி, துண்டு யாருது? எஃப்சிஎன்டிஎல் கணக்குல அது ப்ராசஸோடது (ஓடிக்கிட்டு இருக்கற ப்ரோக்ராம்), அதாவது மொத்தக் குடும்பத்தோடது. பஸ்தான் ஃபைல், சீட்டுங்க அதோட பகுதிங்க. நீங்க முன்வாசல்ல ஏறி மூணு சீட்ல துண்டு போட்டுட்டு நிக்கறீங்க, உங்க சித்தப்பா, அதாவது அந்த லைப்ரரி, பின்வாசல்ல ஏறி "கூட்டமா இருக்கே"ன்னு எட்டிப் பாத்துட்டு இறங்கறாரு, உடனே கண்டக்டர் வந்து உங்க மூணு துண்டையும் உருவி வெளிய வீசிடறார்! ஏன்யான்னு கேட்டா "உங்க வீட்டாளு ஒருத்தர் இறங்கிட்டாருல்ல"ங்கறார். இதுல ஃபோர்க் பண்ணி (ப்ராசஸ் தன்னையே நகல் எடுத்து) பெத்த புள்ள வந்து எங்கப்பா போட்ட துண்டுன்னு சொன்னா மட்டும் செல்லாதாம். என்ன நியாயம்டா இது? (எனக்கு மட்டும்தான் கோவம் வருதா, கமென்ட்ல சொல்லுங்க, அப்படியே சப்ஸ்க்ரைப்பும் தட்டிடுங்க.)

எஃப்லாக்ல இந்தக் கூத்து இல்ல, ஆனா அதுல பிடிச்சா முழு பஸ்ஸையும் பிடிக்கணும், ஒத்த சீட்டெல்லாம் கிடையாது.

உங்க ஃபோன்லயே இருக்கற எஸ்க்யூலைட்ங்கற (SQLite) டேட்டாபேஸ் இந்த சித்தப்பா பிரச்சனைக்காகவே ஒரு வேலை பண்ணுது: லாக் பாக்கி இருக்கற வரைக்கும் க்ளோஸ் பண்றதையே தள்ளிப் போடுது. சித்தப்பாவை இறங்க விடாம கையைப் பிடிச்சு உக்கார வைக்கற மாதிரி!

கடைசியா 2014ல, லினக்ஸ் 3.15ல ஓஎஃப்டி (ஓப்பன் ஃபைல் டிஸ்க்ரிப்ஷன்) லாக் வந்துச்சு. யார் துண்டு போட்டாங்கன்னு பாக்காம, எந்த வாசல் வழியா, அதாவது ஃபைலை எந்தத் தடவை திறந்ததுல, வந்துச்சோ அந்தக் கணக்குல எழுதிக்கும், ஒத்த சீட்டும் பிடிக்கலாம். லினக்ஸ் வச்சிருக்கவங்க ப்ராக் ஃபோல்டர்ல லாக்ஸ்னு ஒரு ஃபைல் (/proc/locks) இருக்கும், திறந்து பாருங்க. ப்ராசஸ் நம்பர் வர்ற இடத்துல எங்கயாவது -1னு இருந்தா அது ஓஎஃப்டி லாக், எந்த ப்ராசஸுக்கும் சொந்தமில்லாத துண்டு. உங்க மெஷின்ல எத்தனை இருக்குன்னு கமென்ட்ல போடுங்க.