ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(காருகுறிச்சிப் பக்கத்து ஊர் ஒன்றில், கோயில் விழாவுக்கு முந்தைய மாலை பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே, பள்ளிக்கூட மைதானத்தை நமக்குத் திறந்துவிட்ட தலைமையாசிரியை அம்மா அவர்களே, ஓய்வுபெற்ற தாசில்தார் ஐயா அவர்களே, கோயில் அறங்காவலர் குழுத் தலைவர் அண்ணாச்சி அவர்களே! அண்ணாச்சியிடம் பின்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அதனால் அவருக்கு மட்டும் இரண்டாவது வணக்கம். பெரியோர்களே, தாய்மார்களே, பெயர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். மைக்செட் தம்பி, எக்கோவைக் கொஞ்சம் குறைப்பா.

நான் மெட்டுப் போடுகிறவன். அதனால் இசை, அழகு, கலைஞனின் சுதந்திரம் என்று மூன்றையும் பேசுவேன் என நோட்டீஸில் அச்சடித்துவிட்டார்கள். சரி, பேசுகிறேன்.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பாள் எங்கள் ஆச்சி. என் தொழிலுக்கு அதைவிடப் பெரிய இலக்கணம் கிடையாது. கற்பனையை எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டு, ஆனால் தாளத்துக்குள் கொட்டு.

முத்துசுவாமி தீட்சிதரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் எட்டயபுரத்தில்தான் 1835-இல் கண்ணை மூடினார். ராகத்தில் அவரைப்போலக் கறாரான ஆள் உண்டா? அவரே வெள்ளைக்காரன் பேண்டு மெட்டுகளை எடுத்துச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டு, அவர் கையில் 'சந்ததம் பாஹிமாம்' என்று அம்பாளைப் பாடுகிறது. யாரிடமும் அனுமதி கேட்டு எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை.

சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் முப்பது வயதைக்கூட எட்டவில்லை. கழுகுமலை முருகன்மேல் அவர் பாடிய காவடிச் சிந்தை நடந்துகொண்டே பாடிப் பாருங்கள். காவடி தூக்குகிறவன் கால் எங்கே விழுமோ அங்கே எதுகை விழும். அதுவும் அளந்து போட்டதுதான்.

அழகைப் பற்றிச் சொல்வதென்றால் நெல்லையப்பர் கோயில் இசைத்தூணிலிருந்து தொடங்க வேண்டும். அதை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன்.

போன வருஷம் ஒரு கோயிலுக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் நாலு பேர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். சாயரட்சை நேரம். பட்டர் தட்டை எடுத்ததும் ஒரு பையன் ஸ்விட்சைத் தட்டினான். மோட்டார் மேளம் எழும்பியது. ஒரு பக்கம் முரசு, ஒரு பக்கம் சேகண்டி, நடுவில் மணி. கற்பூரம் அணைந்தது. பையன் மறுபடி ஸ்விட்சைத் தட்டினான். நிற்கவில்லை. இன்னொரு தட்டு தட்டினான், முன்னைவிட வேகமாக அடித்த மாதிரி இருந்தது. பட்டர் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்கிறார். ஒருவர் "உத்திரம்!" என்று கத்துகிறார். "சித்திரையா?" என்கிறார் பட்டர். சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிக்க வந்த நாயனக்காரப் பெரியவர், நாதஸ்வரச் சீவாளியை வாயில் ஊறப் போட்டபடி தூணோரம் உட்கார்ந்திருந்தார். "என்ன அண்ணாச்சி, ஆரம்பிக்கலையா?" என்று காதில் கேட்டேன். சீவாளியை எடுத்துவிட்டு, "மூத்த வித்வான் முடிக்கட்டும்டே" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா, மகள் கல்யாண விஷயத்தைப் பட்டரிடம் ரகசியமாகச் சொல்ல வந்தார். சத்தத்தில் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார். அதற்குள் எவனோ ஓடிப்போய் பியூஸைப் பிடுங்கிவிட்டான். மேளம் நின்றதும், "மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஐம்பது பவுன் கேக்கான் சாமி!" என்ற குரல் ராஜகோபுரம் வரைக்கும் போனது.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை.

நாயனக்காரருக்கு ஒரு கண் எப்போதும் பட்டர் கைமேல் இருக்கும். அலங்காரம் தாமதமானால் ராகத்தை விஸ்தாரம் பண்ணுவார். தீபம் ஏறும்போது கண்ணைக் காட்டுவார், தவில் முடுக்கும். எவ்வளவு வாசிக்கலாம், எங்கே நிறுத்தலாம் என்று அங்கேயே, அந்த நிமிஷமே முடிவு பண்ணுகிறாரே, நான் சொல்ல வந்த சுதந்திரம் அதுதான். மோட்டாருக்கு அது ஏது? காருகுறிச்சி அருணாசலம் பிறந்த மண் ஐயா இது! 1962-இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் அவர் நாதஸ்வரம் வாசித்ததைத் தமிழ்நாடே கேட்டது. அடுத்த அருணாசலம் எங்கே உட்கார்ந்து கேட்டுப் பழகுவான், ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்திலா?

மெஷினுக்குச் சம்பளம் இல்லை, படி இல்லை என்பார்கள். நம் அறங்காவலர் அண்ணாச்சியே போன வாரம் என் பழமொழியை எனக்கே திருப்பிச் சொன்னார், "ஆற்றில் போட்டாலும் அளந்து போடணும்லா?" என்று. அண்ணாச்சி, அளந்து போடத்தான் சொன்னார்கள், போடாமல் இருக்கச் சொல்லவில்லை.

தினமும் வேண்டாம். வெள்ளிக்கிழமையும் பிரதோஷமும் மட்டும் ஒரு நாயனம், ஒரு தவில். திருநெல்வேலி அரசு இசைப்பள்ளியில் இரண்டையும் சொல்லித் தருகிறார்கள், படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு வாசிக்க இடம்தான் வேண்டும். பந்தல் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். மாதம் எவ்வளவு தர முடியுமோ பெயரோடு எழுதிவிட்டுப் போங்கள். முதல் வரியில் அறங்காவலர் அண்ணாச்சி பெயரை நானே எழுதிவிட்டேன். தொகையை மட்டும் அவர் போட வேண்டும்.