ஏடும் திரையும் எங்கள் வாசிகசாலையும்
(திருகோணமலையில் வாசிப்பு மாத விழாவொன்றில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்திருக்கும் ஐயா அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் உள்ளூராட்சிப் பெரியோரே, மழை இருட்டியும் எழும்பிப் போகாத தாய்மாரே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. ஒரு புத்தகம் தாருங்கள் போதும் என்று தலைவரிடம் முதலே சொன்னேன், கேட்கவில்லை.

மின்வாசிப்பானா, கடதாசிப் புத்தகமா? கண், காசு, காவல் என்று மூன்றாகப் பிரித்துப் பேசப் போகிறேன்.

முதலில் கண். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கனடா மச்சான் கிண்டில் என்ற மின்வாசிப்பானை அனுப்பியபோது, "இதிலே ஏடுகூட இல்லையே" என்று பகடி பண்ணி அலுமாரிக்குள் போட்டவன் நான். 2022 பங்குனியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தது, நினைவிருக்கிறதா? ஃபோன் செத்துப்போன ஓர் இரவு அதை எடுத்துப் பார்த்தால், உயிரோடு இருக்கிறது! கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இடம் மாறித்தான் அதில் எழுத்து வருகிறது. பக்கம் திருப்பும்போதுதான் அந்த எழுத்துக்கு மின்சாரம் வேண்டும். கண்புரை வெட்டிய மாமிக்கு, வரிக்கு நாலு சொல் வரும்படி எழுத்தைப் பெருப்பித்து, சம்பந்தர் பாடிய எங்கள் கோணமலைப் பதிகத்தைக் கொடுத்தேன். மாமி லாம்பைக் கிட்ட இழுத்தா. ஒரு பக்கம் முடிந்தது. விரலை நாக்கிலே தொட்டா, திரையின் மூலையைக் கிள்ளினா. வரவில்லை. திரும்பவும் எச்சில், திரும்பவும் கிள்ளல். பதிகம் ஐந்து பக்கம் பாய்ந்து வேறு ஊர்க் கோயிலுக்குப் போய்விட்டது! "தம்பி, கோணேசர் எங்கேயடா?" என்று மாமி அழாக்குறை.

சிரியுங்கள். ஆனால் காவல் சிரிப்பில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. 2005இல் தொடங்கிய நூலகம் மின்தளம், எஞ்சியவற்றை வருடி எடுத்து வைக்கிறது. கடதாசிக்கு நெருப்பென்றால் மின்னூலுக்கு வேறு கண்டம்: 2009இல் அமேசான், தான் விற்ற நூலையே வாசகர்களின் கருவியிலிருந்து அழித்தது. இராக்கள்ளன் வந்து அலுமாரியைத் திறந்த மாதிரி.

ஆனால் எங்கள் வாசிகசாலை அலுமாரியைத் திறக்கக் கள்ளனும் வரமாட்டான், பிள்ளையும் வரமாட்டாள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பூட்டு. கடற்கரைப் பிள்ளைகள் டியூசன் முடிந்து வருவது ஆறு மணிக்கு. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பதுதான் ஐயா, உண்மையான ஏட்டுச் சுரைக்காய். இரவு எட்டு மணி வரை திறவுங்கள், இரண்டு மின்வாசிப்பானும் வையுங்கள் என்று மூன்று வருடமாகக் கேட்கிறேன்.

காசைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். வாசலில் கையெழுத்துக் கொப்பி இருக்கிறது. பேனையை நூலில் கட்டியும் வைத்திருக்கிறேன். உள்ளூராட்சிப் பெரியோருக்காக முதல் வரியை வெறுமையாக விட்டிருக்கிறோம்.