இஸ்தோப்பில் ஒரு கோடு

வணக்கம். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், எங்கள் லயத்து (வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில் நின்று பேசுகிறேன். போனில் சிக்னல் ஒரே ஒரு கோடு. எனக்குப் பின்னால் இறங்கும் பனிமூட்டத்தின் மேல் பழி போடாதீர்கள். செல்போன் அலைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எதிர்மலையிலும் தகரக் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் சேர்ந்து வலுக்கின்றன, இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. செல்போன் பயன்படுத்தும் 1800 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், சிக்னல் அழியும் இந்தப் பள்ளங்கள் ஏறக்குறைய எட்டு சென்ரிமீற்றருக்கு ஒன்றாக வரும். நான்கு விரல் அகலம், அவ்வளவுதான்!

குரல் விட்டுவிட்டுக் கேட்டால் எங்கள் அம்மாயி கத்துவார். லயம் முழுக்கக் கேட்கும், கொழும்பில் இருக்கும் மாமாவுக்கு மட்டும் கேட்காது. போனும் சிக்னல் குறையும்போது வலுவைக் கூட்டிக் கத்துகிறது. ஆனால் சாதாரண 4ஜி போனுக்கு 200 மில்லிவாட்தான் உச்சம்; பற்றரியும் தீர வேண்டியதுதான்.

அளவான மின்வலுவை வைத்துக்கொண்டு, ஏறி இறங்கும் சிக்னலில் அதிகத் தகவலை அனுப்புவது எப்படி? இரைச்சலுக்கு நடுவே எவ்வளவு தகவல் போகும் என்ற எல்லையை அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948இல் வகுத்தார். ஏறி இறங்கும் சிக்னலுக்கு, சராசரி வலு மட்டும் கட்டுப்பட்டு, சிக்னலின் நிலைமை அனுப்பும் முனைக்கும் பெறும் முனைக்கும் தெரிந்திருந்தால் என்ன விடை என்பதை ஆய்வாளர்கள் ஆன்ட்ரியா கோல்ட்ஸ்மித்தும் பிரவின் வராயாவும் 1997இல் எழுதினார்கள். விடை அம்மாயிக்கு நேர் எதிர்: சிக்னல் நன்றாக இருக்கும்போது வலுவைக் கொட்டு, மோசமானால் வாயை மூடு.

வாருங்கள், தண்ணீர் விழும் பீலிக்கரைக்குப் போவோம். இந்தத் துவைக்கும் கல்லில் குழியும் மேடுமாக இருக்கிறது அல்லவா? அரை வாளி ஊற்றுகிறேன். பாருங்கள், குழி நிறைகிறது, மேடு காய்ந்தே கிடக்கிறது. நல்ல சிக்னல்தான் குழி. நீர்மட்டம் எங்கும் ஒன்று. ஆழம்தான் அந்தந்த நேரத்துக்குத் தரும் வலு. இன்னும் ஊற்றினால்தான் மேடும் நனையும்.

ஒரு கணக்கு போடுகிறேன். இரைச்சலுக்குச் சமமாக எழும்ப நல்ல நேரத்தில் ஒரு பங்கு வலு போதும், கெட்ட நேரத்தில் நான்கு வேண்டும். பாதி நேரம் நல்லது, பாதி கெட்டது. இரண்டுக்குமாகக் கையில் இரண்டு பங்கு. சமமாகப் பிரித்தால் ஒரு ஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்துக்கு விநாடிக்கு 0.66 பிட் தகவல் போகும். இரண்டையும் நல்ல நேரத்துக்கே கொடுத்தால் 0.79. கெட்ட நேரத்தைத் தூக்கிவிட்டு இரண்டையும் ஒரே தரத்துக்குக் கொண்டுவந்தால் 0.49தான். கத்துவதற்குக் கொடுக்கும் விலை அது. கையில் பத்துப் பங்கு இருந்தால் கதை வேறு: சமமாகப் பிரித்தால் 1.88, நீர் ஊற்றும் முறையில் 1.91. வசதி இருக்கும் இடத்தில் சமமாகப் பிரித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு கோடு சிக்னலில்தான் பங்கீடு உயிர்.

அப்படியானால் ஏன் எல்லாப் போனும் இப்படிச் செய்வதில்லை என்று கேட்பீர்கள். பேச்சு காத்திருக்காது. அம்மாயி ‘ஹலோ’ சொன்னால் உடனே போய்ச் சேர வேண்டும், நல்ல நேரம் வரட்டும் என்று நிறுத்திவைக்க முடியாது. தவிர, 3ஜியில் எல்லோரும் ஒரே அலைவரிசையில் ஒன்றாகப் பேசினார்கள். கோபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் தூரத்தில் இருப்பவரை அமுக்கிவிடாமல் இருக்க, விநாடிக்கு 1500 முறை ஒவ்வொரு போனின் வலுவையும் கூட்டிக் குறைத்தார்கள். அங்கே அம்மாயியின் வழிதான் சரி. படமோ வீடியோவோ என்றால் காத்திருக்கும்.

இந்த வீடியோவும் அப்படித்தான் வரும். இங்கே இருந்து ஏற்றப் போவதில்லை. மேலே, கொழுந்து நிறுக்கும் மடுவத்தடியில் நான்கு கோடு கிடைக்கும். அம்மாயி கூப்பிடுகிறார், மாமாவின் அழைப்பு வந்துவிட்டதாம். சத்தம் உங்களுக்கும் கேட்கிறதா?