படர்க்கையில் வரும் பால்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

உர்சுலா லெ குவின் 1969இல் வெளியிட்ட 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' என்ற அறிவியல் புனைவில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது, குடியிருப்பின் மேற்பார்வையாளரிடம் கேட்கப்படும் ஒரு சாதாரணக் கேள்வி. பூமியில் பிறந்து, பனி மூடிய கெத்தன் என்னும் கோளுக்குத் தூதனாகப் போகும் கென்லி ஆய், அந்த மனிதரின் பருத்த உடம்பையும் பிறர் கதையைத் துருவும் குணத்தையும் பார்த்து, மனத்துக்குள் அவரை 'வீட்டுக்காரம்மா' என்றே வைத்துக்கொள்கிறான். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டதும் அவர் முகம் வாடுகிறது. வயிற்றில் சுமந்து பெற்றது ஒன்றுமில்லையாம். ஆனால் நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பனாம்.

கெத்தனில் நிலையான ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. 26 நாள்கள் கொண்ட சுழற்சியில் சில நாள்கள் மட்டுமே உடல் ஏதேனும் ஒரு பாலுக்குத் திரும்பும். எந்தப் பால் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த நாள்களில் எவரையும் வேலைக்குக் கட்டாயப்படுத்துவதில்லை. அரசரே கருவுறுகிறார். பிள்ளைப்பேறு யாருக்கும் வரலாம் என்பதால், நம் உலகத்து ஆணுக்கு உள்ள முழு விடுதலை அங்கே எவருக்கும் இல்லை.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் ரப்பர் தோட்டத்து ஆயாக் கொட்டகை, வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம், நினைவுக்கு வந்தது. பால் மரம் சீவி முடித்தபின், மங்கு என்னும் கிண்ணங்களில் ரப்பர் பால் நிறையும்வரை சற்று ஓய்வு கிடைக்கும். அப்பா உளியைத் துடைத்து வைத்துவிட்டுச் சுருட்டுப் பற்றவைப்பார். அம்மா அதே நேரத்தில் ஆயாக் கொட்டகைக்கு ஓடித் தம்பிக்குப் பால் கொடுத்துவிட்டு, சட்டையில் ஈரம் காயுமுன் தன் மர நிரைக்குத் திரும்பி வாளியைத் தூக்குவார். இருவருக்கும் ஒரே மரம், ஒரே இருட்டு. ஆனால் அவர்களுக்கு முந்திய தலைமுறையில், 1920களின் இறுதியில், மலாயாவின் பல பகுதிகளில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு.

(கென்லியின் 'ஆய்' என்ற பெயர் கெத்தன் மனிதரின் காதில் வலியில் எழும் அலறலாக ஒலிக்கிறது. பழந்தமிழில் ஆய் என்றால் தாய். லெ குவினுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்.)

நாவலின் பெருங்குறை என்று பலர் சொன்னது, கெத்தன் மக்கள் எல்லாரையும் ஆங்கிலத்தின் 'ஹி' என்ற ஆண்பால் சுட்டால் குறிப்பிட்டது. லெ குவின் 1976இல் அதற்குச் சமாதானம் எழுதினார். பின்னாளில் அதே கட்டுரையில் தம் வாதத்துக்குத் தாமே மறுப்பு எழுதிச் சேர்த்தார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழில் 'அவர்' இருக்கிறதே என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் அது பாலை மறைத்துவிட்டு மரியாதையைக் கொண்டுவந்து உட்கார வைக்கும். தோட்டத்தில் துரைக்கும் கிராணி என்னும் எழுத்தருக்கும் கிடைத்த 'அவர்', மரம் சீவியவருக்கு எளிதில் கிடைத்ததில்லை. பக்கத்துக் கடையில் நாம் பேசும் மலாயில் 'டியா' என்ற ஒரே சொல் இருபாலுக்கும் போதும். அதனால் யாருடைய அடுப்படி வேலையும் குறைந்ததாக நான் கண்டதில்லை.

நம் இலக்கணத்தில் தன்மைக்கும் முன்னிலைக்கும் பால் கிடையாது. நான், நீ, நாம் என்ற சொற்களில் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாது. ஒருவரைப் பற்றி மூன்றாமவரிடம் பேசும்போது, படர்க்கையில்தான், அவன், அவள் என்று பிரிகிறோம். கென்லியும் அப்படித்தான், கெத்தனில் ஒரு நாட்டின் முதலமைச்சராக இருந்த எஸ்ட்ராவனைப் பற்றி அவன் தனக்குள் பேசிக்கொண்ட வரையில் அவரை நம்பவே இல்லை. பனிப்பாலையில் இருவர் மட்டும் வாரக்கணக்கில் ஒரே சறுக்குவண்டியை இழுத்து, ஒரே கூடாரத்தில் படுத்த பிறகுதான், தான் பார்க்க அஞ்சியதைப் பார்க்கிறான்: எதிரே இருப்பவர் ஆண் மட்டுமல்லர், பெண்ணும்தான்.

இதைத் தமிழாக்க நேர்ந்தால், கூடாரத்தில் இருவரையும் ஒருவருக்கொருவர் 'நீ' என்றே பேச வைப்பேன். அது எளிதாக வராது என்பதும் எனக்குத் தெரியும். ஒரே நிரையில் முப்பது ஆண்டு மரம் சீவியும், அப்பா அம்மாவை 'நீ' என்றார். அம்மா அவரை ஒரு நாளும் அப்படி அழைத்ததில்லை.